இரண்டு முறை தீப்பட்ட காட்டோரம்: உண்ணியை வெட்டுவதா, கன்று நடுவதா, அப்படியே விடுவதா?

மலைச்சரிவு கேட்டது:

கீழ்ப் பழனி மலையில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் ஏழு ஏக்கர் பழைய காடு, பட்டா நிலம். மேல்பக்கம் நிழல் மரங்களோடு காப்பித் தோட்டம். கீழ்ப்பக்கம் மஞ்சம்புல் சரிவு. அதில் மேல் 30 மீட்டர் பட்டா, அதற்குக் கீழே காப்புக்காடு. ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை, இரண்டும் மார்ச்சில், புல்லில் பற்றிய தீ மேலேறிக் காட்டுக்குள் வந்துவிட்டது. முதல் தீ 20 மீட்டரோடு நின்றது. இரண்டாவது 60 மீட்டர் வரை போனது.

இப்போது கீழோரத்தில் 25 மீட்டர் அகலத்துக்கு உண்ணிச்செடி தலைக்கு மேல் நிற்கிறது. சில இடங்களில் மரத்தைப் பற்றிக் கிளை வரை ஏறியிருக்கிறது. முதல் தீயில் பிழைத்த நாவலும் சந்தன வேம்பும் இப்போது உச்சியிலிருந்து காய்கின்றன. தீயே படாத உள்பகுதியில்கூட பிப்ரவரியிலேயே சருகு மொறமொறவென்று ஆகிவிடுகிறது.

உண்ணியை முழுக்க எடுத்துவிடலாமா? கன்று நட வேண்டுமா, தானாக வருமா? தீக்கோடு, அதாவது தீ தாண்டாமல் புல்லை நீக்கி வைக்கும் பட்டை, எங்கே, எவ்வளவு அகலம்? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நாங்குமரம் பதில்:

முதலில் ஒரு கணக்கு போட்டுவிடுவோம். ஏழு ஏக்கர் என்றால் ஏறத்தாழ 28,300 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 168 மீட்டர். நட்டநடுவில் போய் நின்றாலும் ஓரம் 84 மீட்டரில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் 60 மீட்டர் தள்ளி மிஞ்சுகிற இடம் அரை ஏக்கரைக் கொஞ்சம்தான் தாண்டும். காடு நீளவாக்கில் இருந்தால் அதுவும் கிடையாது. நீங்கள் உள்பகுதி என்று சொல்வதும் ஓரம்தான். தீ படாத இடத்தில் சருகு மொறமொறப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே 1979-இல் தொடங்கிய காட்டுத்துண்டு ஆய்வில் இதை மீட்டர் கணக்கில் அளந்திருக்கிறார்கள். வெட்டப்பட்ட ஓரத்திலிருந்து சுமார் 60 மீட்டர் வரை ஈரம் குறைவது தெரிந்தது. ஓரத்தை ஒட்டிய 300 மீட்டருக்குள் பெரிய மரங்கள் சாகும் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்கு. வெயில், வறண்ட காற்று, காற்றின் தள்ளல் மூன்றும் சேர்ந்து உச்சியை, அதாவது மரமுடிகள் கூடிய கூரையை, திறக்கின்றன. உச்சி திறந்தால் தரை காய்கிறது. உங்கள் மேல்பக்கத்தில் நிழல் காப்பி இருப்பது பெரிய நன்மை. அந்த ஓரம் மெத்தென்று இருக்கும். அந்தப் பக்க நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது காட்டை ஒட்டிய இரண்டு வரிசையை மட்டும் விட்டுவையுங்கள்.

இனி தீ. ஈரக்காட்டில் தரைத்தீ பார்க்கச் சாதுவாக இருக்கும்: முழங்காலுக்குக் கீழே சுடர், மெல்ல நகரும். ஆபத்தே அந்த மெதுவில்தான் இருக்கிறது, அடிமரத்தைச் சுற்றி நின்று வேகவைக்கும். பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் செத்துவிடும். அந்தச் சூடு உள்ளே போகப் பிடிக்கும் நேரம் பட்டைத் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது 10 மில்லிமீட்டர் பட்டை 5 மில்லிமீட்டர் பட்டையைவிட நான்கு மடங்கு நேரம் தாங்கும். கருமருதும் வேங்கையும் தாங்குவதும், பசுமைமாறாக் காட்டு மரங்கள் விழுவதும் இதனால்தான்.

கிழக்கு அமேசானில் 1990-களில் கணக்கெடுத்தபோது முதல் தீ மரங்களில் சுமார் 40 விழுக்காட்டைக் கொன்றது. ஆனால் அவை சின்ன மரங்கள், மொத்த எடையில் 10 விழுக்காடுதான். காடு நிற்பதுபோலவே தெரியும். இரண்டாவது தீ மிஞ்சியதில் இன்னொரு 40 விழுக்காட்டைக் கொன்றது. இந்த முறை எடையிலும் 40 போனது. முதல் தீயில் செத்த மரங்கள் விழுந்து விறகாகக் கிடந்தன, உச்சி திறந்து வெயில் இறங்கியது, தீ உயர்ந்து எரிந்தது. உங்களுடையதில் 20 மீட்டர் 60 ஆனதும் இதே வழியில்தான். ஆகவே மூன்றாவது தீ வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

பிழைத்த மரம் இப்போது காய்கிறது என்றீர்கள். அடியில் பட்டை ஒரு பக்கம் வெந்து கழன்று, அந்த வழியே காளானும் துளைப்பானும் இறங்கியிருக்கும். பெரிய மரம் தீக்குப் பிறகு மூன்று ஆண்டு வரைகூட நின்று சாகும். அதனால் பிழைத்தது எத்தனை என்பதை இரண்டு மழைக்காலம் தாண்டித்தான் எண்ண வேண்டும்.

---

சதுரமீட்டர் பதில்:

நடுவதா என்று கேட்பதற்கு முன் எண்ணுங்கள். ஒருநாள் வேலை.

கீழோரத்திலிருந்து உள்நோக்கி நேராக நான்கு கயிறு பிடியுங்கள். ஒவ்வொரு கயிற்றிலும் 0, 10, 20, 40, 60, 80 மீட்டரில் 5 × 5 மீட்டர் சதுரம் ஒன்று. மொத்தம் 24 சதுரம். ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கும் மரக்கன்றை எண்ணி, விதைக்கன்றா, வெந்த அடியிலிருந்து வந்த தளிரா என்று பிரித்து எழுதுங்கள். செத்ததுபோல் நிற்கும் சிறு மரத்தின் அடியில் நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சையும் ஈரமும் தெரிந்தால் அது உயிரோடு இருக்கும் வேர்.

அளவுகோல்: தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் காடு மீட்பு ஆய்வுப் பிரிவு எக்டேருக்கு 3,100 தண்டு என்று வைத்திருக்கிறது, அதாவது 1.8 மீட்டருக்கு ஒன்று. இயற்கையாக வந்ததும் நட்டதும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அந்த நெருக்கம் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டில் உச்சி கூடி, களை நிழலில் அடங்கும். உங்கள் சதுரத்தில் அது 8 கன்று. எட்டும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு கன்றும் நடவேண்டாம், காப்பாற்றினால் போதும். மூன்று முதல் ஏழு என்றால் இடைவெளியை மட்டும் நிரப்புங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் நடத்தான் வேண்டும்.

எண்ணிக்கையோடு இனத்தையும் பாருங்கள். இது மிக முக்கியம். ஓரத்தில் இருபது கன்று நின்று அதில் பதினெட்டு வட்டக்கண்ணியாக இருந்தால், நிழல் கிடைக்கும், காடு திரும்பாது. வட்டக்கண்ணி போன்ற, திறந்த இடத்தில் முதலில் வரும் முன்னோடி மரங்களின் விதை மண்ணுக்குள் காத்திருந்து வெளிச்சம் பட்டதும் முளைக்கும். முதிர்காட்டு மரங்கள் பலவற்றின் விதைக்கு உறக்கம் கிடையாது. உதிர்ந்த சில வாரங்களில் முளைக்காவிட்டால் காய்ந்து சாகும். மண்ணின் மேல் ஓரிரு சென்டிமீட்டரில் கிடப்பதைத் தீ தின்றுவிடும். எனவே அவை திரும்ப வரவேண்டுமானால் தாய்மரமும் வேண்டும், தூக்கிவரும் விலங்கும் வேண்டும். சின்ன விதையைச் சின்னான், குக்குறுவான் போன்ற பறவைகள் கொண்டுவரும். கட்டைவிரல் அளவு கொட்டைக்கு மரநாய் போன்றவை வேண்டும். அவை திறந்த, உச்சியறுந்த ஓரத்துக்கு எளிதில் வராது. நடுவதென்றால் இந்தப் பெரிய விதை மரங்களுக்கே முதலிடம் கொடுங்கள்.

ஆனைமலையில் வால்பாறை மேட்டுநிலத்துக் காட்டுத்துண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2000-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் வேலை இதற்கு நல்ல சான்று. களையெடுத்து உள்ளூர் இனங்களை நட்ட இடங்கள், சும்மா விட்ட இடங்களைவிட மரவகையிலும் கரியிருப்பிலும் முன்னே போயிருக்கின்றன. பெருங்காட்டிலிருந்து விலகி நிற்கும் துண்டுகளில் அந்த வேறுபாடு அதிகம். உங்களுடையதிலிருந்து அடுத்த நல்ல காடு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள்.

---

தீக்கோடு பதில்:

கோட்டைக் காட்டின் ஓரத்தை ஒட்டிப் போடாதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. மரக்கிளைக்கு அடியில் போட்டால் ஆண்டுதோறும் சுரண்டுவதில் ஓரம் உள்ளே உள்ளே தேய்ந்துகொண்டே போகும். மேலிருந்து விழும் சருகும் இரண்டு வாரத்தில் கோட்டை மூடிவிடும். புல் சரிவில் 15 மீட்டர் கீழே இறங்கிப் போடுங்கள். உங்கள் பட்டா 30 மீட்டர் என்பதால் இடம் இருக்கிறது. இடைப்பட்ட 15 மீட்டர்தான் புதிய ஓரம் வளரப்போகும் இடம்.

அகலம் 8 மீட்டருக்குக் குறையக் கூடாது. தீ மேல்நோக்கி ஏறும்போது, சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சுடர் சரிவோடு சாய்ந்து முன்னால் இருக்கும் புல்லைக் காயவைத்துக்கொண்டே வரும். சமதளத்தில் 3 மீட்டர் போதும் என்று சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. பக்கவாட்டில் 4 மீட்டர், மேலே காப்பிப் பக்கம் ஒற்றையடிப் பாதையைப் பெருக்கி வைத்தால் போதும்.

முழு 8 மீட்டரையும் மண் தெரியச் சுரண்டினால் அடுத்த மழையில் மேல்மண் இறங்கிவிடும். புல்லை 5 சென்டிமீட்டர் உயரத்தில் அறுத்து வெளியேற்றுங்கள், வேர் இருக்கட்டும். நடுவில் ஒரு மீட்டர் மட்டும் மண் வரை பெருக்குங்கள். கோட்டின் கீழ் விளிம்பில் ஒரு முழ ஆழக் குழி வரப்பு எடுத்து, மண்ணைக் கீழ்ப்பக்கம் அணையுங்கள். மேலிருந்து உருண்டு வரும் எரிகட்டையை இந்த வரப்பு பிடிக்கும். குறுக்கே கிடக்கும் கட்டை ஒன்று விட்டுப்போனாலும் அதுவே தீக்குப் பாலம், அறுத்து உருட்டிவிடுங்கள்.

காலம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து டிசம்பர் கடைசியில் முதல் அறுப்பு. பிப்ரவரி நடுவில் ஒரு பெருக்கல், மார்ச் தொடக்கத்தில் இன்னொன்று. ஜனவரியில் போட்டுவிட்டு மறந்த கோடு மார்ச்சில் வேலை செய்யாது.

எதிர்த்தீ வைத்து எரித்துக் கோடு போடும் எண்ணம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் தீ இறங்கினால் வனச்சட்டப்படி குற்றம், அதைவிட உயிராபத்து. மஞ்சம்புல் சரிவில் தீ திரும்பினால் மனிதரால் மேல்நோக்கி ஓடித் தப்ப முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் சிக்கியபோது நடந்தது அதுதான். கீழே காப்புக்காட்டு எல்லையில் வனத்துறை போடும் கோடு எந்த வாரம் என்று வனவரிடம் கேட்டு, அதோடு உங்கள் கோட்டின் இரு நுனியையும் இணையுங்கள். நுனி திறந்த கோட்டைத் தீ சுற்றிக்கொண்டு வரும்.

இந்திய வன அளவை நிறுவனத்தின் தீ எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்குப் பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். செயற்கைக்கோள் ஒரு புள்ளியாகப் பார்ப்பது 375 மீட்டர் அல்லது 1 கிலோமீட்டர் பரப்பை. மரத்தடியில் ஊரும் சின்னத் தீ அதில் தப்பிவிடும். மார்ச்சில் பிற்பகல் வேளைக்கு ஒரு ஆள் நிற்பதற்கு அது மாற்று ஆகாது.

---

உண்ணிவேர் பதில்:

உண்ணியை ஒரே மூச்சில் எடுத்துவிடாதீர்கள். இப்போது அந்தக் காட்டுக்குக் கதவாக நிற்பது அதுதான். 25 மீட்டரையும் ஒரே பருவத்தில் வெட்டினால் வெயிலும் காற்றும் ஓரத்தை உள்ளே தள்ளிக் கொண்டுபோகும். அடுத்த ஆண்டு புல் வரும். உண்ணியைவிடப் புல் வேகமாகத் தீப்பிடிக்கும்.

உள்ளேயிருந்து வெளியே வாருங்கள். முதல் ஆண்டு உள்விளிம்பில் 8 மீட்டர் அகலப் பட்டை, அடுத்த ஆண்டு அடுத்த 8. வெளிப்பட்டையைக் கடைசியாக, நட்ட கன்று ஆள் உயரம் வந்த பிறகு எடுங்கள்.

மேலே வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளையாக வரும். ஆணிவேரை மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே கொத்தி அறுத்து, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். தளிர் கிளம்பும் இடம் வேரும் தண்டும் கூடும் கணுவில்தான் இருக்கிறது. அது மண்ணில் தங்கினால் உழைப்பு வீண். மண் ஈரமாக இருக்கும் அக்டோபர், நவம்பரில் ஒரே வெட்டில் அறுபடும். காய் பழுத்து நிற்கும் செடியை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்காதீர்கள், வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். வெட்டியதை மரத்தடியில் குவிக்கவும் கூடாது. பாறை மேலோ கோட்டுக்கு வெளியேயோ போடுங்கள். எடுத்த இடத்தை அடுத்த இரண்டு மழைக்கும் திரும்பப் பார்த்து நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் அந்தப் பட்டையைத் தொடவே வேண்டாம்.

---

தீக்கோடு பதில்:

உண்ணிவேர் சொன்ன பட்டைமுறை சரிதான், ஒரு திருத்தத்தோடு. மரத்தில் ஏறியிருக்கும் உண்ணிக்கு அந்தப் பொறுமை பொருந்தாது. அது தீக்கு ஏணி, தரைத்தீயை உச்சிக்குக் கொண்டுபோய்விடும். எந்தப் பட்டையில் இருந்தாலும், மரத்தைத் தொடும் உண்ணியை இந்த டிசம்பருக்குள் முழங்கால் உயரத்தில் அறுத்துக் கீழே இழுத்துவிடுங்கள். வேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

---

நாங்குமரம் பதில்:

ஆமாம், அந்தத் திருத்தம் அவசியம்.

---

தரகுநெருப்பு பதில்:

எல்லோரும் தீயே கூடாது என்று பேசுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அறிவுரை பசுமைமாறா ஈரக்காட்டுக்கு. கீழே காப்புக்காட்டில் இருப்பது இலையுதிர் காடாக இருந்தால் கதை வேறு. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் முன்பு கோடையின் தொடக்கத்திலேயே, சருகு குறைவாக இருக்கும்போது, ‘தரகு பெங்கி’ என்று மெல்லிய சருகுத்தீ வைப்பார்கள். அதை நிறுத்திய பிறகுதான் உண்ணி பெருகியது, நெல்லியில் புல்லுருவி கூடியது என்பது அவர்கள் கூற்று. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தீயை நிறுத்தினால் விறகு சேர்கிறது. ஒரு வறண்ட ஆண்டில் அத்தனையும் சேர்ந்து எரிகிறது.

பிரேசிலின் மாட்டோ குரோசோவில் 2004 முதல் 2010 வரை 50 எக்டேர் வீதம் மூன்று பரப்பில் ஆய்ந்தார்கள். ஒன்று ஆண்டுதோறும், ஒன்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரிக்கப்பட்டது. ஒன்றில் தீ இல்லை. 2007 வறட்சியில் மரச்சாவு எகிறியபோது அதிக அடி வாங்கியது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரிந்த பரப்பு, அங்கேதான் சருகு சேர்ந்திருந்தது. வயலை ஒட்டிய ஓரத்தில் புல் நுழைந்ததும் அந்த ஆய்வில்தான் தெளிவாகத் தெரிந்தது. இலையுதிர் காட்டிலும் கன்றுக்கு இடைவெளி வேண்டும்: தேக்கோ கருமருதோ சுடர் உயரத்தைத் தாண்டி வளரும் முன் திரும்பத் திரும்ப எரிந்தால், வேர் உயிரோடு இருந்தும் புதராகவே நிற்கும்.

இன்னொன்று, அந்தப் புல் சரிவு முழுவதையும் மரம் நட்டு மூடும் ஆசை வேண்டாம். இயற்கையான புல்வெளியாக இருக்கலாம். பழைய வரைபடத்தைப் பாருங்கள், அடிக்கட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். தீக்கோட்டுக்கு மேலே இருக்கும் 15 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

மலைச்சரிவு:

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தாயிற்று. 0 முதல் 20 மீட்டர் வரையிலான சதுரங்களில் சராசரி 2, பெரும்பாலும் வட்டக்கண்ணி. 40-இல் 6, பாதிக்கு மேல் அடித்தளிர். 60, 80-இல் பத்துக்கு மேல். அப்படியானால் ஓரத்தில் மட்டும் நடவு. எப்படி நடுவது? செத்து நிற்கும் மரங்களை வெட்டிவிடலாமா?

---

சதுரமீட்டர் பதில்:

60-க்கு அப்பால் கை வைக்காதீர்கள். 40-இல் அடித்தளிர் ஒரு கட்டைக்கு ஏழெட்டு வந்திருந்தால், தரையை ஒட்டிக் கிளம்பிய வலுவான இரண்டை விட்டு மற்றதை நீக்குங்கள். உயரத்தில் ஒட்டியிருப்பது காற்றில் பிய்ந்துவிடும். இதை ஓராண்டு வளர்ந்த பிறகு செய்தால் போதும்.

முதலில் உண்ணி எடுக்கும் 8 மீட்டர் பட்டையில் 1.8 மீட்டருக்கு ஒரு கன்று, ஏக்கருக்கு 1,250 கணக்கு. 170 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 420 கன்று வரும். இருக்கும் வட்டக்கண்ணியை வெட்டாதீர்கள், அதன் நிழலிலேயே நாவல், சோலவேங்கை, சந்தன வேம்பு, அத்தி, இச்சி என்று கலந்து வையுங்கள். இதே காட்டிலிருந்து, ஒரு இனத்துக்குக் குறைந்தது ஐந்தாறு தாய்மரத்திலிருந்து விதை எடுங்கள். கன்று 45 முதல் 60 சென்டிமீட்டர். கடைசி இரண்டு மாதம் நிழல்வலையைப் படிப்படியாக விலக்கி, தண்ணீரைக் குறைத்துப் பழக்கியிருக்க வேண்டும். குழி ஒரு அடிக்கு ஒரு அடி. அக்டோபரில் மண் ஒரு அடி ஆழத்துக்கு நனைந்த அன்றே நடுங்கள், நவம்பர் கடைசிக்குத் தள்ளினால் ஜனவரிக்குள் வேர் இறங்காது.

மூடாக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மழைக்காலத்தில் கன்றுக்கு உயிர் கொடுத்த அதே காய்ந்த புல் மார்ச்சில் கன்றைச் சுற்றி வைத்த சிதை. ஜனவரியில் மூடாக்கைத் தண்டிலிருந்து அரை மீட்டர் விலக்கி, பதிலுக்குக் கல் அடுக்குங்கள். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் களை, முதல் மழைக்காலத்தில் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. மேலே தர்ப்பை அடர்ந்த இடம் இருந்தால் அறுக்காமல் பலகையால் மிதித்துச் சாய்த்துவிடுங்கள்; மடங்கிய புல் மெதுவாகவே துளிர்க்கும், நெருக்கிக் கிடப்பதால் மெதுவாகவே எரியும். காட்டு மாடும் கடமானும் வரும் இடம் என்பதால் வெளி வரிசைக்கு முள் அடைப்பு வேண்டும்.

ஓரத்துக்கு விரைவாக நிழல் வேண்டும் என்று சில்வர் ஓக் வைக்காதீர்கள். அதன் சருகு மக்க நாளாகும், காய்ந்து அடுக்கடுக்காகக் கிடக்கும்.

செத்த மரம் பற்றி: தீக்கோட்டிலிருந்து 15 மீட்டருக்குள் நிற்பதை மட்டும் இறக்குங்கள், உச்சி வரை எரிந்தால் அது கோட்டைத் தாண்டிப் பொறி வீசும். உள்ளே நிற்பவற்றைத் தொட வேண்டாம், பறவை உட்கார்ந்து விதை போடும் இடம் அவை. அதன் அடியில்தான் உண்ணி நாற்றும் முதலில் வரும் என்பதால் களை எடுக்கப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு பார்வை. பட்டா நிலம் ஆனாலும் கோடரி வைப்பதற்கு முன் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955, தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949 இரண்டில் எது உங்கள் கிராமத்துக்குப் பொருந்தும் என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விண்ணப்பத்தோடு ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், மார்பளவுச் சுற்றளவு, காய்ந்த நிலையின் படம் வையுங்கள். அனுமதிக்கு நாள் பிடிக்கும் என்பதால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், கோடு போடும் டிசம்பருக்குள் கையில் இருக்க வேண்டும்.